தாதி மேட்ரனான வரலாறு



பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். பொழுது விடியாத நேரம். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிகிறது. நேற்று வரை நம்மோடு நிரையில் நின்று மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரை முன்னே அழைத்து, "இன்று முதல் இவர்தான் மண்டோர்" என்று சொல்கிறார்கள். அவர் வீட்டில் அன்று பாயசம்தான். ஆனால் அவர் படும் பாட்டை அவர்தாம் அறிவார். கத்தியைக் கீழே வைக்க அவருக்குக் கை வராது. யாரோ ஒருவர் பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்துவதைக் கண்டால், "தள்ளிக்கொள், நான் வெட்டுகிறேன்" என்று கத்தியை வாங்கித் தாமே வெட்டத் தொடங்கிவிடுவார். அந்த மரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நேரத்தில் மற்ற நிரைகளில் எத்தனை மரங்கள் காயப்படுகின்றன என்று பார்க்க ஆள் இல்லை!

இதே சங்கடம் மருத்துவமனைத் தாதியருக்கும் உண்டு. நோயாளியின் கட்டிலருகே நின்று, காய்ச்சல் பார்த்து, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, மருந்து கொடுத்துப் பழகிய ஒருத்தியை ஒரு நாள் சிஸ்டராகவும் பிறகு மேட்ரனாகவும் உயர்த்துகிறார்கள். நம் தோட்டங்களிலிருந்து படித்து மிஸ்ஸியாகப் போன பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். 1960ஆம், 1970ஆம் ஆண்டுகளில் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இளம் பெண்கள் பலர் தாதிப் பயிற்சிக்காகக் கப்பலிலும் விமானத்திலும் இங்கிலாந்துக்கே சென்றார்கள். அப்படிப்பட்ட ஒரு மகள் பதவி உயர்வுக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்து, "அம்மா, இனி எனக்கு நோயாளி இல்லை, காகிதந்தான்" என்று கண் கலங்கினால் நாம் என்ன பதில் சொல்வது? அந்தப் பதிலை வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தாதி என்றதும் நம் நினைவுக்கு வருபவர், பள்ளிப் பாடத்தில் படித்த 'கைவிளக்கு ஏந்திய காரிகை' புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். இருட்டில் ஒரு கையில் விளக்கோடு, காயம்பட்ட சிப்பாய்களின் கட்டில்களுக்கு நடுவே அவர் நடந்து செல்லும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் பொய்யன்று. ஆனால் அது பாதிக் கதைதான். அவர் வாழ்நாளில் நோயாளியின் அருகே நின்ற காலம் மிகக் குறைவு. பொறுப்பேற்று நடத்திய காலமும் திட்டமிட்டு எழுதிய காலமுமே மிக அதிகம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். செல்வக் குடும்பம். அக்காலத்து இங்கிலாந்தில் தாதி வேலை மதிப்பற்ற வேலை. நம் ஊரில் பெரிய வீட்டுப் பெண் கூலி வேலைக்குப் போகிறேன் என்றால் எப்படியோ, அப்படி இருந்தது அவர் வீட்டாருக்கு. பல ஆண்டுகள் தடுத்தார்கள். அவர் விடவில்லை. 1851இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் இருந்த கிறிஸ்துவத் தொண்டு நிலையத்தில் ஏறக்குறைய மூன்று மாதங்கள் தங்கி நோயாளிப் பணிவிடை கற்றார்.

1853ஆம் ஆண்டு, தம்முடைய 33ஆம் வயதில், அவர் லண்டன் ஹார்லி வீதியில் இருந்த ஒரு சிறிய பெண்கள் மருத்துவ இல்லத்துக்கு மேற்பார்வையாளரானார். அதாவது, அவருடைய முதல் பதவியே நிர்வாகப் பதவிதான். அங்கே அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியாக வெந்நீர் வரச் செய்தார். கீழே சமைத்த உணவை மேலே ஏற்ற ஒரு தூக்கியை அமைத்தார். நோயாளி மணியடித்தால் எந்த அறையிலிருந்து என்று தெரியும்படி ஏற்பாடு செய்தார். எதற்காக? தாதியின் நேரமெல்லாம் படிக்கட்டில் ஏறி இறங்குவதிலேயே கழிந்தால் நோயாளியைக் கவனிப்பது யார்? இன்னொன்றும் செய்தார். அந்த இல்லத்தை நடத்திய குழு, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த பெண்களை மட்டுமே சேர்க்க நினைத்தது. எல்லாச் சமயத்தாரையும் சேர்த்தால்தான் பொறுப்பேற்பேன் என்று அவர் உறுதியாக நின்று வென்றார்.

கவனியுங்கள் நேயர்களே. ஒரு தாதி எவ்வளவு அன்பாக இருந்தாலும், வெந்நீர்க் குழாய் போட அவளால் முடியாது. சேர்க்கை விதியை மாற்ற அவளால் முடியாது. அதற்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவருக்குக் கட்டிலருகே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

இது இன்னும் தெளிவாக விளங்கிய இடம் போர்க்களம். 1853 முதல் 1856 வரை கிரிமியப் போர் நடந்தது. காயம்பட்ட ஆங்கிலச் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியான ஸ்குட்டாரிக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே அவர்கள் கவனிப்பாரின்றிச் சாகும் செய்தியை லண்டன் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. நாடே கொதித்தது. போர்த் துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளின்படி, அம்மையார் 38 தாதியரோடு புறப்பட்டு 1854 நவம்பர் தொடக்கத்தில் ஸ்குட்டாரியை அடைந்தார். அவர்களுள் கத்தோலிக்கக் கன்னியர் இருந்தனர். ஆங்கிலத் திருச்சபைச் சகோதரிகள் இருந்தனர். கூலிக்கு வந்த மருத்துவமனைத் தாதியரும் இருந்தனர். இத்தனை வகையினரையும் ஒன்றாகக் கட்டி மேய்ப்பது எளிதா?

இராணுவ மருத்துவர்களோ அவர்களை வரவேற்கவில்லை. "பெண்களுக்கு இங்கே என்ன வேலை?" என்பது அவர்கள் எண்ணம். அப்போது அம்மையார் ஒரு கடினமான முடிவு எடுத்தார். மருத்துவர்கள் கேட்டுக்கொண்டாலன்றித் தம் தாதியர் எவரும் நோயாளிகளிடம் போகக்கூடாது என்று கட்டளையிட்டார். பக்கத்து அறையில் சிப்பாய்கள் துடிக்கிறார்கள். தாதியரோ துணி தைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். மனம் எப்படிப் பதைத்திருக்கும்! கட்டிலருகே மட்டும் பழகிய ஒருவர் ஓடிப்போய்க் காயத்தைக் கழுவியிருப்பார். மறுநாளே மொத்தக் கூட்டத்தையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சில நாட்களில் இன்கெர்மன் போரில் காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்தார்கள். மருத்துவர்கள் தாமாகவே உதவி கேட்டார்கள். கதவு திறந்தது.

அதன்பின் அம்மையார் பொதுமக்கள் நன்கொடைப் பணத்தைக் கொண்டு சட்டைகளும் துடைப்பங்களும் பாத்திரங்களும் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சிப்பாய்களின் மனைவியரைக் கொண்டு துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளுக்கென்று தனிச் சமையல் நடத்தினார். இரவில் விளக்கோடு சுற்றி வந்ததும் உண்மையே.

ஆனால் நேயர்களே, இத்தனைக்குப் பிறகும் சாவு குறையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அது கூடிக்கொண்டே போயிற்று. 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் நூற்றுக்கு 42க்கு மேல் இருந்தது. அன்பான கைகள் இருந்தன, கஞ்சி இருந்தது, சுத்தமான துணி இருந்தது. பின் ஏன் செத்தார்கள்? அந்த மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதார ஆணையக் குழு வந்து கட்டடத்துக்கு அடியில் பார்த்தது. சாக்கடைகள் அடைபட்டு நாறின. தண்ணீர் கெட்டிருந்தது. இறந்த விலங்குகளின் உடல்கள் கிடந்தன. அவற்றையெல்லாம் அகற்றிச் சாக்கடையைக் கழுவி, காற்றுக்கு வழி செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜூன் மாதத்துக்குள் அந்த விகிதம் நூற்றுக்கு ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது.

லயத்து வீடுகளின் பின்னே ஓடிய திறந்த கால்வாய்களை அறிந்தவர்கள் நாம். சாக்கடை கெட்டால் தாயின் அன்பு மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்வாயைச் சுத்தம் செய்ய உத்தரவிடும் இடத்தில் நம் வேதனை அறிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் செய்தி.

அம்மையார் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1856இல் நாடு திரும்பியதும், புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் என்பவரின் துணையோடு இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். போர்க் காயத்தால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக் கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகப் பலர் என்பதை வண்ண வரைபடங்களால் காட்டினார். 1858இல் இங்கிலாந்தின் புள்ளிவிவரச் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண்மணி அவரே. விளக்கு ஏந்திய கை பேனாவை எடுத்தது என்பதற்காக, அவர் நோயாளியைக் கைவிட்டார் என்று யாராவது சொல்ல முடியுமா? தம் கைக்கு எட்டாத கட்டில்களுக்கும் அந்தப் பேனா மூலமாகவே அவர் போய்ச் சேர்ந்தார்.

தாதிப் பணியைப் பற்றி அவர் எழுதி 1859இல் அச்சான புகழ்பெற்ற சிறு நூலில், சின்னஞ்சிறு ஏற்பாடுகளைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. தாதி அங்கே இல்லாத நேரத்திலும் நோயாளிக்குக் குறை வராதபடி எப்படி ஒழுங்கு செய்வது என்பதே அதன் பொருள். 'நான் இருந்தால் எல்லாம் நடக்கும்' என்று பெருமைப்படுவது போதாது. நாம் தூங்கும்போதும் நடக்க வேண்டும். பெரட்டு முடிந்தபின் நூறு பேர் நூறு திசையில் போகும்போது நல்ல மண்டோர் செய்வதும் இதைத்தானே?

1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தாதிப் பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். அங்கே பயின்றவர்கள் நல்ல தாதியராக மட்டுமன்றி, பிற மருத்துவமனைகளுக்குச் சென்று தலைமை ஏற்றுப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பவர்களாகவும் விளங்கினர். லூசி ஆஸ்பர்ன் என்பவர் 1868இல் ஐந்து தாதியரோடு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குப் போய் அங்கே பொறுப்பேற்றார். தாதியருக்கு உத்தரவிட வேண்டியவர் தாதித் தொழில் அறிந்த மேட்ரனே என்பது நைட்டிங்கேல் அம்மையார் இறுதிவரை வற்புறுத்திய கொள்கை.

இந்த ஏற்பாடு ஆங்கிலேயரோடு நம் பக்கமும் வந்தது. சிங்கப்பூரில் 1885ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கன்னியர் பொது மருத்துவமனையில் தாதிப் பணியைத் தொடங்கினார்கள். அதன் நினைவாகவே சிங்கப்பூரில் ஆகஸ்ட் முதல் நாள் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பின்னர் சிஸ்டர், மேட்ரன் என்னும் பதவிகள் இங்கும் வேரூன்றின. ஆனால் காலனி ஆட்சியில் அந்த நாற்காலிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்மணிகளுக்கே உரியவையாக இருந்தன. தோட்டத்தில் துரை ஒருவர், வேலை செய்வோர் வேறொருவர் என்று இருந்ததைப் போலத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், நாடு தன்னாட்சியை நோக்கி நடந்தபோதுதான் உள்ளூர்த் தாதியர் மெல்ல மெல்ல அந்த இடங்களுக்கு உயர்ந்தனர். ஆகவே நம் வீட்டு மகள் ஒருத்தி மேட்ரன் ஆவது ஒரு குடும்பத்தின் பெருமை மட்டுமன்று. நமக்கு மூடியிருந்த ஒரு கதவு திறந்ததன் அடையாளமும் ஆகும்.

இனிக் கதையின் மறுபக்கத்தையும் பார்ப்போம்.

நூறு ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்தில் மேட்ரன் என்பவர் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி ஆகிவிட்டார். தாதியர், துணிக் கிடங்கு, சமையல், பணிப்பெண்கள் எல்லாம் அவர் தலையில். ஆனால் நிர்வாகம் செய்ய அவருக்கு முறையான பயிற்சி இல்லை. நல்ல தாதி நல்ல தலைவியாகவும் இருப்பார் என்று நம்பி நாற்காலியில் அமர்த்திவிடுவார்கள், அவ்வளவுதான். இதை ஆராய 1963இல் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் பிரையன் சாமன். தேயிலையும் தேநீர்க் கடைகளும் நடத்திய பெரிய லயன்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் அவர். நாம் கிள்ளிய கொழுந்து போய்ச் சேரும் வாணிப உலகைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1966இல் அவர் குழு அறிக்கை தந்தது. தாதியர் தலைமைக்கு ஏணிப்படிகள் போல் எண்ணிட்ட நிலைகளை அது வகுத்தது. வார்டு சிஸ்டர் 6ஆம் நிலை. அதற்கு மேல் தாதி அதிகாரி, மூத்த தாதி அதிகாரி, முதன்மைத் தாதி அதிகாரி என்று ஏறி, 10ஆம் நிலையில் தலைமைத் தாதி அதிகாரி. ஒவ்வொரு நிலைக்கும் நிர்வாகப் பயிற்சி தேவை என்றும் அது கூறியது. இது நல்ல யோசனைதான். நீந்தக் கற்றுக்கொடுக்காமல் ஆற்றில் தள்ளுவது நியாயமா?

ஆனால் ஒரு குறை முளைத்தது. மேட்ரன் என்ற பெயர் மறைந்தது. அதிகாரிகள் வந்தார்கள், அலுவலக அறைகள் வந்தன, கூட்டங்கள் பெருகின. நல்ல தாதிக்கு அதிகச் சம்பளம் வேண்டுமானால் கட்டிலை விட்டு மேசைக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை என்றாயிற்று. மிகச் சிறந்த வெட்டுக்காரர்கள் எல்லாரையும் மண்டோராக்கிவிட்டால் மரத்தை யார் வெட்டுவது? வார்டில் எதையாவது கேட்க வேண்டுமென்றால் யாரைக் கேட்பது என்று நோயாளிகளுக்குத் தெரியவில்லை.

1983இல் சேன்ஸ்பரி என்னும் பேரங்காடி நிறுவனத்தின் ராய் கிரிஃபித்ஸ் தலைமையில் வேறொரு குழு ஆராய்ந்தது. இங்கே உண்மையில் பொறுப்பாளர் யார் என்பதே தெரியவில்லை என்பது அதன் கண்டுபிடிப்பு. அதன் யோசனைப்படி, தாதியரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்த குழுக்களின் இடத்தில் பொது மேலாளர்கள் வந்தார்கள். அவர்களுள் பலருக்குக் கட்டிலருகே நின்ற அனுபவமே இல்லை. மேல் நிலையில் இருந்த தாதி அதிகாரிகள் பலர் தம் அதிகாரத்தை இழந்தனர். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? மருத்துவமனைகளின் தூய்மை குறித்துப் பொதுமக்கள் குறைகூற, 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம் மேட்ரனைத் திரும்ப அழைத்தது! வார்டுகளில் கண்ணுக்குத் தெரியும்படி நடமாடி, சுத்தத்தையும் பணிவிடையையும் நேரில் கவனித்து, தவறைத் திருத்தும் அதிகாரமும் உள்ள ஒருவர் வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள்.

மலேசிய மருத்துவமனைகளிலோ சிஸ்டர், மேட்ரன் என்று மக்கள் சொல்லும் வழக்கம் அழியவே இல்லை. சிங்கப்பூரில் வேறொரு நல்ல வழி கண்டார்கள். அங்கே தாதிக்கு மேலே போக ஒரே ஏணி இல்லை. நிர்வாகப் பாதை ஒன்று, கற்பிக்கும் பாதை ஒன்று, நோயாளிப் பணியிலேயே மேன்மேலும் தேர்ச்சி பெறும் பாதை ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். கட்டிலை விட்டு வர மனமில்லாதவர் கட்டிலருகே இருந்தபடியே உயரலாம். நிர்வகிக்கும் திறமை உள்ளவர் நிர்வாகத்துக்குப் போகலாம். இன்னாரால் இந்த வேலை ஆகும் என்று அறிந்து அவரிடம் அதை ஒப்படைப்பதற்குத் திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே இருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஆக, கண் கலங்கி வந்த மகளுக்கு நாம் என்ன சொல்வோம்?

முதலாவது, நீ நோயாளியை விட்டுப் போகவில்லை. ஒரு கட்டிலைக் கவனித்தவள் இனி ஒரு வார்டைக் கவனிக்கிறாய். இரவு முறைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று நீ போடும் பட்டியல் தவறினால், அன்றிரவு ஒரு கிழவர் தண்ணீர் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போவார். அந்தக் காகிதத்தில் அவர் உயிர் இருக்கிறது. அதைக் காகிதம் என்று இகழாதே.

இரண்டாவது, கத்தியைப் பிடுங்காதே, பிடிக்கக் கற்றுக்கொடு. புதிதாக வந்தவள் கட்டுப்போடத் தடுமாறினால் பக்கத்தில் நின்று சொல்லித்தா. இன்றைக்கு நீயே செய்துவிடுவது விரைவாக இருக்கும். நீ விடுப்பில் இருக்கும் நாளில் அது நோயாளிக்கு உதவாது.

மூன்றாவது, நேற்றைய தோழியர் இன்று உன் சொல் கேட்க வேண்டியவர்கள். அவர்களோடு சேர்ந்து சாப்பிடு, சிரி. ஆனால் விடுமுறை கொடுப்பதில் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காதே. கங்காணி தன் ஆட்களுக்கு மட்டும் நல்ல நிரை கொடுத்தால் தோட்டமே எப்படிப் பேசும் என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பார்.

நான்காவது, ஏறிய ஏணியை எட்டி உதைக்காதே. நாள்தோறும் ஒரு முறையாவது வார்டைச் சுற்றி வா. அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் அறிக்கையில் எழுதியது மட்டுமே தெரியும். எழுதாமல் விட்டது தெரியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதவி உயர்ந்த மகள் வீட்டுக்கு வந்தும் யோசனையில் ஆழ்ந்திருந்தால், "பெரிய ஆளாகிவிட்டாள், நம்மோடு பேசுவதில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். முன்பெல்லாம் வேலை முடிந்தால் கைகழுவி வந்துவிடுவாள். இப்போது முப்பது பேருடைய தவறுக்கும் அவளே பதில் சொல்ல வேண்டும். ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்து, "இன்றைக்கு என்னம்மா நடந்தது?" என்று கேளுங்கள். அதுவே அவளுக்குப் பெரிய மருந்து.

மருந்தைப் பற்றிச் சொல்ல வந்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்று மூன்றோடு நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்து நான்காக எண்ணினார். அந்த நான்காமவர் கட்டிலருகே நின்றாலும் சரி, மேசையருகே அமர்ந்தாலும் சரி, கண் நோயாளி மேல் இருக்கும் வரை அவர் தாதிதான்.